நான்காவது சுருள்

ஹாலிவுட்,
1936 ஜூன் 1, திங்கட்கிழமை

அன்பு மகள் வெர்னாவுக்கு,

உன் அப்பாவின் கூட்டாளி எம்மெட் ஹாஸ்கின் எழுதுவது. நீயும் உன் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. அதை விடு.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மிஸஸ் டோரன் அதைத் தன் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தாள், உறை முழுக்கக் கறை. படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் ‘மணிக்கூண்டு மாளிகை மர்மம்’ படம் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் சலைனாவுக்கு வருகிறதாம், மூன்று நாள் ஓடுமாம். நீ டிக்கெட் கொடுக்கும் கூண்டை விட்டு இறங்கி, நீயே ஏணி போட்டு ஏறி, ‘லெஸ்டர் பிக்ஸ்பி’ என்று அப்பா பெயரை வாசல் பலகையில் கதாநாயகன் பெயரைவிடப் பெரிதாகப் பொருத்தினாயாம். தியேட்டர் முதலாளி பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாராம். அத்தை, தேவாலயப் பாட்டுக் குழுப் பெண்கள் என்று பதினான்கு பேரை முதல் காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாய். “சித்தப்பா, அப்பாவ இன்னொரு தடவ உயிரோட பாக்கப் போறேன்” என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன், வெர்னா. அந்தப் படத்தைப் பார்க்காதே. அந்த மூன்று நாளும் லீவு போடு. காய்ச்சல் என்று சொல், பல்வலி என்று சொல், ஏதாவது சொல். டிக்கெட் கூண்டில்கூட உட்கார வேண்டாம். உள்ளே நடப்பது சுவரைத் தாண்டிக் கேட்கும் என்று நீயே ஒரு தடவை எழுதியிருக்கிறாய்.

படம் அப்படியொன்றும் பிரமாதம் இல்லை, நீ இழப்பதற்கு எதுவும் இல்லை. பதினோரு படத்தில் நாங்கள் செய்ததைத்தான் இதிலும் செய்திருக்கிறோம். நாங்கள் இரண்டு பேரும் டயர் விற்கிறவர்கள். மழை கொட்டும், எங்கள் கார் நின்றுபோகும். டயர் விற்கிறவன் காரில் மாற்று டயர் இருக்காது, அது முதல் சிரிப்பு. தூரத்தில் ஒரு மாளிகை தெரியும். உள்ளே ஒரு வக்கீல் உயில் படித்துக்கொண்டிருப்பார், படித்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்து அவர் செத்துக் கிடப்பார். புத்தக அலமாரிக்குள்ளிருந்து ஒரு கை வரும். நிலவறையிலிருந்து ஒரு கொரில்லா வரும். உன் அப்பா பார்ப்பார், நான் பார்க்கமாட்டேன். அவர் உளறுவார், நான் நம்பமாட்டேன். நான் திரும்பும்போது கொரில்லா போயிருக்கும். இதையே பதினோரு தடவை காட்டியும் ஜனங்கள் காசு கொடுத்தார்கள் என்றால் அதற்கு ஒரே காரணம் உன் அப்பாவின் முகம்தான். பயந்தால் அந்த முகத்தில் காதுகூடப் பயப்படும். என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கும் சோறு கிடைத்தது.

மார்ச் மாதம் அப்பாவின் சவ அடக்கத்துக்கு நீ ரயிலில் வந்து இறங்கினபோது ஸ்டேஷனில் உனக்குச் சொன்னேன், நினைவிருக்கும். படியில் கால் வழுக்கி விழுந்தார், பட்ட இடம் கெட்ட இடம், ஒரு நொடியில் முடிந்துவிட்டது, வலி தெரியவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று சொன்னேன். அவர் விழும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் பார்க்காதே என்கிறேன். பெற்ற மகள் பார்க்கிற காட்சியா அது?

தயாரிப்பாளர் அந்த இடத்தை வெட்டிவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்தார். மனிதர் தேவாலயத்துக்குப் போகிறவர், கொடுத்த வாக்கை மீறமாட்டார் என்று நினைக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் கிளெண்டேலில் ஒரு தியேட்டரில் ஜனங்களுக்கு முன்னால் போட்டுப் பார்க்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து இதைத் தபாலில் போடுகிறேன். வெட்டியிருந்தால் நீ தாராளமாகப் பார்க்கலாம். மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மழையில் தொப்பி சுருங்கிப் போகும் காட்சி ஒன்று இருக்கிறது, உனக்குப் பிடிக்கும்.

ஜூன் 3, புதன்கிழமை

வெர்னா, திங்கட்கிழமை எழுதினதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். பிறகு, நான் எப்படிப்பட்ட பொய்யன் என்று உனக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். மேலே இருப்பதில் பாதிதான் உண்மை. இனி எழுதப்போவது முழுதும் உண்மை.

வெட்டவில்லை. அப்படியே இருக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் தொழில் எப்படி என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, தெரியாவிட்டால் உனக்கு நடந்தது விளங்காது. பெரிய ஸ்டூடியோவில் ஒரு காட்சியை நாற்பது தடவைகூட எடுப்பார்கள். எங்கள் படம் ஆறு நாள் படம். திங்கள் ஆரம்பித்தால் சனி முடிந்தாக வேண்டும், மாளிகையே வாடகை மாளிகை. ஒரு காட்சிக்கு ஒரு தடவைதான் பிலிம் ஓடும். ஓடும்போது என்ன நடந்தாலும் நிறுத்தக்கூடாது, நடந்ததைக் கதைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். கதவு திறக்கவில்லையா, ஜன்னலில் ஏறு. மீசை கழன்றதா, பேய் பிடுங்கிவிட்டது என்று சொல். நிறுத்தலாம் என்று சொல்லும் உரிமை டைரக்டர் ஷ்லோசர் ஒருவருக்குத்தான். நடிகன் எவனாவது நிறுத்தினால் மறுநாள் அவன் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

இதில் உன் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான்காவது படத்தில் சரவிளக்கு அறுந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. நிஜமாகவே விழுந்தது, ஒரு முழம் தள்ளியிருந்தால் போயிருப்போம். அவர் அசையாமல் நின்று, கீழே கிடந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு, “யாரோ விளக்க அணைச்சு நம்மளத் தூங்கச் சொல்றாங்கடா” என்றார். படத்தில் அதுதான் பெரிய சிரிப்பு. அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு ஆளோடு நிற்கிறோமே என்று அவ்வளவு பெருமை. அதற்குப் பிறகு அவர் புதிதாக எதைச் செய்தாலும் நான் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொள்வேன். இருபது வருஷம் மேடையிலும் படத்திலும் அதுதான் என் வேலை.

அன்று சனிக்கிழமை, ஆறாவது நாள். மாளிகைக்குள் பனிமூட்டம் வேண்டும் என்று எண்ணெயைப் புகையாக அடித்துவிட்டிருந்தார்கள். அது எல்லாவற்றின் மேலும் படிந்து வழுக்கும். காட்சிக்குக் காட்சி படியில் மரத்தூள் தூவித் துடைப்பார்கள், அன்று துடைக்கவில்லை. மணி இரண்டு ஆகிவிட்டது, ஆறு மணிக்கு மாளிகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாடியில் கொரில்லாவைப் பார்த்து உன் அப்பா ஓடிவர வேண்டும், கடைசிப் படியில் தடுக்கி விழ வேண்டும், எழுந்து அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ரகசியக் கதவுக்குள் ஓட வேண்டும். நான் கீழே நின்று கோழிக்கால் தின்றுகொண்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் காட்சி.

அவர் கீழிருந்து நான்காவது படியிலேயே வழுக்கிவிட்டார். கைப்பிடி முடியும் கட்டையில் பின்கழுத்து அடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தரையில் மல்லாந்து கிடந்தார், எழுந்திருக்கவில்லை.

கிழவன் புதிதாக ஏதோ பண்ணுகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, “எம்மெட், கால் வரலடா” என்றார். நான் கோழிக்காலை ஒரு கடி கடித்து, மென்று, முழுங்கி, “வராட்டி விடு, குரங்குக்குத் திங்க கை போதும்” என்றேன். விளக்குக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எங்களுக்கு அந்தச் சிரிப்பு போதும், வெர்னா. அது கேட்டுவிட்டால் பிறகு வேறெதுவும் காதில் ஏறாது.

கோழிக்காலை வாயில் கவ்விக்கொண்டு உன் அப்பாவின் இரண்டு கணுக்காலையும் பிடித்தேன். இழுத்தேன். அந்தப் பெரிய அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், துடைப்பத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இழுத்துக்கொண்டு போனேன். நடுவில் அவர், “இழுக்காதடா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது. நான் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தேன். ரகசியக் கதவுக்கு ஒரு வாசற்படி இருந்தது, அதில் தலை இடித்தது. அலமாரி மூடியது. ஷ்லோசர் “கட்” என்றார். பிறகு, “பிரமாதம்யா” என்றார்.

கதவுக்கு அந்தப்பக்கம் அடுத்த காட்சிக்குத் தயாராக ஹெர்மன் நின்றுகொண்டிருந்தான். நீ அவனைச் சவ அடக்கத்தில் பார்த்திருப்பாய், பெட்டியைத் தூக்கியவர்களில் நல்ல உயரமாக இருந்தவன். கொரில்லாவாக நடிப்பவன் அவன்தான். தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். “எம்மெட், இவரு முகம் சரியில்லயே” என்றான். நான் உன் அப்பாவின் காலை இன்னும் கீழே விடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட யார் போவது என்று வந்தபோது ஹெர்மன் இடுப்புக்குக் கீழே ரோமத்தோடு அப்படியே ஏறிக்கொண்டான். நான் ஏறவில்லை. ஷ்லோசர் என் தோளில் கை போட்டு, இன்னும் மூன்று காட்சி பாக்கி, இரண்டு பேரும் போய்விட்டால் படமே இல்லை, அவர் எழுந்து வந்து நம்மைத்தான் திட்டுவார் என்றார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. மரவேலை செய்கிற ஒருவனுக்கு உன் அப்பாவின் கட்டம் போட்ட கோட்டை மாட்டி முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். மற்ற இடத்தில் போர்வையைப் போர்த்திவிட்டார்கள், பேய்க்குப் பயந்து ஒளிந்திருக்கிறாராம். பேச வேண்டியதை நான் பேசினேன். அவர் குரல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, இருபது வருஷம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்ட குரல். ஆகையால் படிக்காட்சிக்குப் பிறகு அந்தப் படத்தில் வருவது உன் அப்பா இல்லை, வெர்னா. அந்தக் குரல் என்னுடையது. நாலு மணிக்கு, அவர் போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதும் நான் அவர் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன். காட்சி முடிகிற வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும், சாப்பாடும் விற்கிற மருந்துக்கடையின் மேஜையில் ஹெர்மன் வந்து உட்கார்ந்தான், இன்னும் அந்தக் கால்களோடுதான். வழியிலும் ஆஸ்பத்திரியிலும் அவருக்கு நினைவே திரும்பவில்லையாம். டாக்டர் சொன்னதையும் அவன்தான் சொன்னான். கழுத்தெலும்பு முறிந்ததாம். விழுந்த இடத்திலேயே அசைக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருக்கலாமாம், எழுந்து நடக்காவிட்டாலும் உயிராவது தங்கியிருக்கலாமாம். இவரை யார் நகர்த்தியது என்று டாக்டர் கேட்டாராம். தெரியாது என்று சொல்லிவிட்டானாம். அதைச் சொல்லி முடித்ததும் எழுந்து போனான். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் தலையாட்டுவான், ஆனால் என் மேஜையில் உட்காருவதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் ஸ்டேஷனில் உன் பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தேன். “அப்பா கடைசியா என்ன சொன்னாரு சித்தப்பா” என்று கேட்டாய். சவ அடக்கம் முடிந்து திரும்பும்போதும் கேட்டாய். போன மாதக் கடிதத்திலும் கேட்டிருந்தாய், ஒரு முனகல்கூடவா இல்லை என்று. உனக்குப் பதினோரு வயதில் உன்னை அத்தையிடம் விட்டுவிட்டு வந்த அப்பா. கடைசியில் உன் பெயரைச் சொன்னாரா என்றுதானே அத்தனை தடவையும் கேட்டாய்? எனக்குத் தெரியாமலா இருக்கிறது. சொல்லவில்லை கண்ணு. சொல்வதற்கு நான் எங்கே இடம் கொடுத்தேன். அவர் கடைசியாகச் சொன்னது “இழுக்காதடா.” அதைத்தான் உனக்கு நான் கொடுக்க முடியும்.

நேற்று கிளெண்டேலில் எழுநூறு பேர் இருந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவன் மடியில் காகிதம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிரிப்புக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுவான், பெரிய சிரிப்புக்கு இரண்டு. நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படம் மொத்தம் ஆறு பிலிம் சுருள். முதல் மூன்றில் நாலைந்து கோடு விழுந்தது. நான்காவது சுருளில் படி வந்தது. வெட்டியிருப்பார்கள், இப்போது வெட்டு வரும், இப்போது வரும் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா விழுந்தார். கால் வரவில்லை என்றார். ஜனங்கள் ஆரம்பித்தார்கள். நான் காலைப் பிடித்ததும் கூரையே பறந்தது. “இழுக்காதடா” என்று அவர் சொன்னது ஒலிப்பதிவில் தெளிவாக விழுந்திருக்கிறது, அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. முன் வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் கோடு போடுவதை நிறுத்திவிட்டு அவனும் சிரித்தான்.

நானும் சிரித்தேன், வெர்னா.

ஏன் என்று என்னைக் கேட்காதே. சரியான இடத்தில் சரியான வார்த்தை விழுந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது. திறந்த வாயை மூட முடியவில்லை. அங்கே உருண்டு கிடப்பது லெஸ்டர் என்று தெரியும், அவர் நடிக்கவில்லை என்று அந்த எழுநூறு பேருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அவர் காலைப் பிடித்திருப்பது என் கைதான். அப்படி இருந்தும் சிரித்தேன். வெளியே வந்ததும் தயாரிப்பாளர் என் முதுகில் தட்டி, இப்படி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆறு படம் நீ தனியாகவே பண்ணலாம் என்றார். வெட்டுவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். ஜனங்கள் கேட்பதை வெட்ட நான் யார் என்றார். தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை. அந்த ஆறு படத்துக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று உனக்கு எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் போதும் என்று சொல்லிவிட்டேன், அதனால் தெரியவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

திங்கட்கிழமை உன்னிடம் படத்தைப் பார்க்காதே என்று கேட்டேன். அது உனக்காகக் கேட்டது இல்லை, நான் இழுப்பதை நீ பார்த்துவிடக்கூடாது என்று எனக்காகக் கேட்டது. இப்போது வேறொன்று கேட்கிறேன். கேட்பதற்கு எனக்கு வாயில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

பாட்டுக் குழுப் பெண்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. அத்தையை வீட்டில் விட்டுவிடு, பாவம், அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். நீ மட்டும் போ. கூண்டில் வேறு யாரையாவது உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் உட்கார். நான்காவது சுருளில் உன்னைச் சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள்மேல் கோபப்படாதே, நல்ல ஜனங்கள்தான், ஒரு வாரம் உழைத்துவிட்டு சிரிக்க வந்தவர்கள். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனாலும் சரி, நான் இந்த விலாசத்தில்தான் இருப்பேன்.

அந்தப் படம் உங்கள் ஊரோடு நிற்காது. சின்னச் சின்ன ஊராகப் போய்க்கொண்டே இருக்கும், பிலிம் கிழிந்து போகிற வரைக்கும். போகிற ஊரிலெல்லாம் அவர் கால் வரவில்லை என்பார், சிரிப்பார்கள். இழுக்காதே என்பார், சிரிப்பார்கள். எங்கேயாவது ஒரு நாற்காலியில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அது நிஜம் என்று நம்ப வேண்டும், வெர்னா. என்னிடம்தான் சொன்னார், நான் நம்பவில்லை. நீ நம்பு அம்மா.

கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்கவில்லை.

உன் அப்பாவோடு இருபது வருஷம் நின்ற,
எம்மெட் ஹாஸ்கின்